மரக்கட்டை வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நம் பராமரிப்பில் உள்ள குடியேறிப் பண்ணையின் மரக்கட்டை வீட்டு வேலை முடிந்துவிட்டது. சாவி பொருளாளரிடம் இருக்கிறது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனியாக வருகிறது. என்ன செய்தோம், எதைத் தொடாமல் விட்டோம், பெயர்ப்பலகையை ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

பாதி வேலையை வடக்குச் சுவரே தின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. கட்டைகளுக்கு நடுவே பூசியிருந்த சிமெண்டை உளியால் தட்டி எடுத்ததும், பின்னால் இருந்த ஓக் மரம் ஈரக் காப்பித்தூள் போலக் கையோடு உதிர்ந்து வந்தது. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெண்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். அதில் இறங்கும் தண்ணீர் உலர வழியில்லாமல் உள்ளேயே தங்கி மரத்தை உளுத்துப்போக வைக்கும். அந்தப் பூச்சு பூசிய நாளில் அதுதான் உறுதி என்று எல்லோரும் நம்பினார்கள். பூசியவர்களில் இருவர் இன்றும் நம் உறுப்பினர்கள். இம்முறை முதலில் உளியைக் கையில் எடுத்தவர்களும் அவர்களே.

தரையோடு கிடந்த அடிக்கட்டை முழுவதும் போய்விட்டது. ஜாக்கி கொடுத்து, நாளுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் போகாமல் சுவரைத் தூக்கினோம். அவசரப்பட்டிருந்தால் புகைபோக்கிக் கல் சரிந்திருக்கும். புதிய வெள்ளை ஓக் கட்டையை அகலக் கோடாலியால் செதுக்கி, மூலைகளைப் பழைய முறையிலேயே சாய்வாக வெட்டிக் கவ்வவிட்டோம். அந்தச் சாய்வில் மழைநீர் உள்ளே தங்காமல் வெளியே வழிந்துவிடும். மாற்றிய ஒவ்வொரு கட்டையின் உட்பக்கத்திலும் மாற்றிய ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கிறோம். இடைவெளிகளில் கல்லும் மரச்சக்கையும் செருகி, களிமண்ணும் சுண்ணாம்பும் மாட்டு மயிரும் குழைத்த சாந்தைப் பூசினோம். இது உதிரத்தான் செய்யும். சில ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுப் போட ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம்.

இனி, பலரும் கோபப்பட்ட விஷயம். இந்த வீடு 1780-இல் முதல் குடியேறி கட்டியது என்றே குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். நன்கொடைத் துண்டறிக்கையிலும் நாமே அப்படித்தான் அச்சடித்தோம். வேலை தொடங்குமுன் கட்டைகளில் பென்சில் கனத்துக்குத் துளைபோட்டு, ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். பட்டை ஒட்டியிருந்த கட்டைகளில் கடைசி வளையம்வரை தெளிவாக இருந்தது. மரம் வெட்டிய காலம் கதை சொன்ன காலத்துக்கு ஒரு தலைமுறை பிந்தியது. முதல் வீடு எரிந்ததோ, பிரித்து எடுத்தார்களோ, இது அது அல்ல.

இந்த மாநிலத்தில் நமக்கு முன்பே பெரிய இடத்தில் நடந்ததுதான் இது. தாமஸ் லிங்கன் 1808-இல் 200 டாலர் கொடுத்து வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில் 1809 பிப்ரவரி 12 அன்று அவர் மகன், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். ஹாட்ஜன்வில் அருகே அங்கே எழுப்பிய பளிங்கு, கருங்கல் நினைவகத்தை 1911-இல் அதிபர் டாஃப்ட் திறந்துவைத்தார். அவர் பிறந்த வீடு என்று உள்ளே வைத்த மரவீடு, ஊர் ஊராகக் காட்சிக்குப் போய்வந்த கட்டைகளால் ஆனது. கட்டடத்துக்குள் அடங்க அளவையும் குறைத்தார்கள். 2004-இல் வளையங்களைச் சோதித்தபோது, அதிலுள்ள மிகப் பழைய கட்டையே 1848-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. இப்போது அதை அடையாள வீடு என்றே சொல்கிறார்கள்.

லிங்கன் குடும்பம் அங்கே நிலைக்காததற்குக் காரணம் நம் பண்ணையின் பத்திரக்கட்டிலும் தெரிகிறது. அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. 1779-இல் வர்ஜீனியா போட்ட சட்டப்படி, 1778-க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர். பக்கத்து 1000 ஏக்கரை வாங்க முன்னுரிமையும் உண்டு. அளந்தது எப்படி? 'ஓக் மரத்திலிருந்து ஓடைவரை' என்றுதான். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பட்டா. தாமஸ் லிங்கன் உரிமை வழக்குகளில் அலைக்கழிந்து, 1816-இல் அரசே அளந்து விற்ற இந்தியானா நிலத்துக்குப் போனார். நம் குடியேறியின் மகன் அதே நிலத்தை இன்னொருவரிடம் மறுபடி விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்; இரண்டு பத்திரமும் ஒரே கட்டில் உள்ளன.

எனவே புதிய பலகையில் 1780 இல்லை. இது ஷானி, செரோக்கி பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய நிலம் என்பதையும், 1775-இல் செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் ஹென்டர்சன் என்ற நில வணிகரும் கூட்டாளிகளும் வாங்கியதை வர்ஜீனியா 1778-இல் செல்லாதாக்கியதையும் எழுதியிருக்கிறோம். உரிமையாளர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் ஏர், குதிரை, செம்பு அண்டா என்ற வரிசையிலேயே அடிமைகளாக வைத்திருந்த மூன்று பேரின் முதற்பெயர்கள் மட்டும் வருகின்றன; விலையும் போட்டிருக்கிறது. இந்த ஓக் கட்டைகளைச் செதுக்கிய கைகளில் அவர்களுடையவையும் இருந்திருக்கும் என்பது குழுவின் கருத்து. பெயர்கள் பலகையில் உள்ளன, விலையை விட்டுவிட்டோம்.

இரண்டு உறுப்பினர்கள் நன்கொடையைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். மீதித் தொகை சாந்து வேலைக்காக வங்கியில் இருக்கிறது. பழைய பலகை பரணில் இருக்கிறது. அதைச் செய்து கொடுத்த குடும்பத்தார் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஏணிப் பக்கம் இன்னும் விளக்கு போடவில்லை, டார்ச் கொண்டு வரவும்.

செயற்குழு