மாலை வகுப்பு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீனாவிலும் பிரேசிலிலும் இருந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி விவரமாக இருந்தது. இங்கேயே இருக்கிற எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஊரில் உயர்தரத்தில் வணிகம் படித்த நான் ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை செய்கிறேன். கணக்கியல் படிக்கும் ஆசை இன்னும் போகவில்லை. வந்த புதிதில் கைக்குழந்தை, இரண்டு வேலை. வகுப்புக்குப் போக நேரம் கிடைத்தபோது குடியுரிமை எடுத்தாயிற்று. புதிதாகக் குடியேறியவர்களுக்கான மத்திய அரசின் இலவச மொழி வகுப்பான லிங்க்கில் குடியுரிமை பெற்றவர்களைச் சேர்ப்பதில்லை. நல்லவேளை, மாகாணப் பணத்தில் கல்விச் சபை நடத்தும் ஆங்கில வகுப்பில் இடம் கிடைத்தது. வைத்தியரிடம் பேசவும் வாடகை ஒப்பந்தம் வாசிக்கவும் அங்கேதான் பழகினேன்.

அதற்கு மேல்தான் சிக்கல். குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் கேட்பது கனடிய மொழித் தரத்தின் 12 நிலைகளில் 4ஆம் நிலை, அதுவும் பேச்சும் கேட்டலும் மட்டும். பல்கலைக்கழகத்துக்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 6.5 அளவில் வேண்டும், எழுத்தும் சேர்த்து. ஊரில் ஆங்கில இலக்கணத்தை ஒப்புவித்தோம், சரி. உன் கருத்து என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எங்கிருந்து எடுத்தாய் என்று யார் கேட்டார்கள்? அப்படிக் கட்டுரை எழுதப் பழக்குவது பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகள்தான்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு அழைத்து விசாரித்தேன். வார நாட்களில் பகல் முழுக்க வகுப்பு, கட்டணம் ஆயிரக்கணக்கில். மாலையில் கிடையாதா என்றேன். கேட்கிறவர்கள் குறைவு என்றார்கள். கேட்க வேண்டியவர்கள் அவர்களுடைய அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஷிப்டில் நிற்கிறார்கள்! என் வரிசையிலேயே மணிலாவில் தாதியாக இருந்த ஒருவர் பெட்டி ஒட்டுகிறார்.

2024 ஜனவரியில் ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. அதன்பின் அந்த மாணவர்களின் வருகை குறைந்துவிட்டது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருக்கும்போதே, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையிலும் சனிக்கிழமையிலும், எங்களால் கட்டக்கூடிய கட்டணத்தில் வகுப்பு நடத்தலாமே. இதற்கு மாகாணம் பணம் ஒதுக்குமா என்று எங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே மொழி மதிப்பீட்டுக்குப் போய் லிங்க் வகுப்பில் படித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்காபரோ