விமானப் பல்கலைக்கழகச் சேர்க்கை: கட்டிய பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
மாணவரின் தாய்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கல்வி ஆலோசனை நிறுவனம், கோயம்புத்தூர் கிளை.

பொருள்: பி.எஸ்சி. ஏவியேஷன் சேர்க்கைக்காக உங்களிடம் கட்டிய 2,00,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் திரும்பப் பெறுதல் – தவறான தகவல் கொடுத்தது குறித்த புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் மகன் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்தவன். விமானி ஆக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்கு வழிகாட்டுவதாகச் சொல்லி ஆலோசனைக் கட்டணமாக 1,25,000 ரூபாயும், பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்து வைக்க 75,000 ரூபாயும் உங்கள் கோவை கிளையில் வாங்கிக்கொண்டீர்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு மேல் இருக்கும்போதே, இடம் வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டோம். இன்றுவரை பணமும் வரவில்லை, சான்றிதழும் வரவில்லை.

பணத்தை மட்டும் கேட்பதென்றால் நான்கு வரி போதும். ஆனால் நீங்கள் எங்களிடம் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் எழுத்தில் பதிவாக வேண்டும். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்ப்பவள். பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், ஒரு குடும்பம் எவ்வளவு யோசித்து வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் உங்களிடம் வந்தது ஒரே கேள்வியோடுதான்: விமானத் துறைக்கென்றே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா? அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லத்தான் ஆலோசனைக் கட்டணம். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தேவையான எந்த விவரத்தையும் நீங்கள் எங்கள் கண்ணில் காட்டவில்லை.

உங்கள் ஆலோசகர் சொன்னது, “மூணு வருஷம் முடிச்சா கையில டிகிரி, தோள்ல பட்டை.” இது உண்மையல்ல. இந்தியாவில் விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்க வேண்டுமென்றால் மத்திய அரசின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையே இல்லை. 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதி, நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் தாள்களில் தேர்ச்சி, ரேடியோ தொலைபேசி உரிமம், 200 மணி நேரப் பறப்பு: கேட்பது இவ்வளவுதான். அந்த 200 மணியில் 100 மணி மாணவனே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். தேர்வை நடத்துவதும் உரிமத்தைக் கொடுப்பதும் அரசு. பல்கலைக்கழகம் கொடுப்பது பட்டம் மட்டும். பட்டம் வாங்கியும் உரிமம் இல்லாதவன் விமானி ஆக முடியாது. உரிமம் வாங்கிப் பட்டம் இல்லாதவன் ஆகலாம். இந்த இரண்டு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி யோசித்திருப்போம்.

உங்கள் கையேட்டின் நடுப்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தோளில் நான்கு தங்கப் பட்டையோடு ஒரு இளைஞர் நிற்கிறார். மேலே “மூன்று ஆண்டுகளில் நீங்களும்” என்று போட்டிருக்கிறது. நான்கு பட்டை கேப்டனுக்கு உரியது. கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை உரிமம் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வரும் எந்தப் பையனும் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் படத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே படிக்க வேண்டிய எழுத்தில், “பறப்புப் பயிற்சிக் கட்டணம் தனி” என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் கணக்கையே புரட்டிப்போட்ட வரி அது.

மூன்று வருடப் படிப்பு, விடுதி, இதர கட்டணம் எல்லாம் சேர்த்து 18 லட்சம் என்றீர்கள். அதில் ஒரு மணி நேரப் பறப்புகூட இல்லை என்பது, பணம் கட்டிய பிறகு நான் கேட்டு வாங்கிய தனிப் பட்டியலில்தான் தெரிந்தது. மணிக்கு 16,000 ரூபாய் என்றால் 200 மணிக்கு 32 லட்சம். ஆக 50 லட்சம். அதற்கு மேல் தேர்வுக் கட்டணம், மருத்துவச் சோதனை, பயிற்சி நடக்கும் ஊரில் தங்கும் செலவு. உரிமம் வாங்கிய பிறகும், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறானோ அதற்கான டைப் ரேட்டிங் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் பல லட்சம். வேலை கிடைக்கும் முன்பே இத்தனையும் கையை விட்டுப் போகிறது. 18 லட்சம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய உங்கள் ஆலோசகருக்கு இது தெரியாது என்றால் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தவறு. தெரிந்தே சொல்லவில்லை என்றால் அதன் பெயர் ஏமாற்று.

“பட்டதாரிக்குப் பறப்பு மணி நேரம் குறைவு” என்று கையேட்டில் இன்னொரு இடத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். இது அமெரிக்க விதி. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2010-ல் சட்டம் வந்து, 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே 1,500 மணி நேரம் என்று ஆனது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் விமானத் துறைப் பட்டம் வாங்கி, அதோடு இணைந்த பயிற்சியையும் முடித்தவர்களுக்கு மட்டும் அது 1,000 மணி. ஆகவே ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் இருக்கும் எம்ப்ரி-ரிடில் மாதிரியான பல்கலைக்கழகத்துக்கு அதிகக் கட்டணம் கட்டும் அமெரிக்க மாணவனுக்கு, 500 மணி நேரம் முன்கூட்டியே வேலைக்குப் போகும் வாய்ப்பு கிடைக்கிறது. அவன் கட்டும் பணத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் 200 மணி நேர சி.பி.எல்., அதோடு டைப் ரேட்டிங் இருந்தாலே துணை விமானி ஆகலாம். பட்டத்துக்காகக் குறைக்க இங்கே எந்த மணி நேரமும் இல்லை. அமெரிக்க மாணவனுக்கான சலுகையைக் காட்டி ஒட்டன்சத்திரத்துப் பையனிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள். “இங்கே சரிப்படாவிட்டால் அமெரிக்காவுக்கே அனுப்புகிறோம்” என்ற உங்கள் அடுத்த யோசனையும் அப்படித்தான். அங்கே உரிமம் வாங்கி வந்தாலும் டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதி, இங்கே மருத்துவத் தகுதி பெற்று மாற்றிக்கொண்டால்தான் இந்திய விமானத்தை ஓட்ட முடியும். அதையும் நீங்கள் சொல்லவில்லை.

நாங்களே அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்ப் பார்த்தோம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விமானம் புதிதாக வண்ணம் அடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. மூக்கில் விசிறி இருக்கிறது, மூடியைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை. படம் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையும் கிடையாது. பறப்புப் பயிற்சி வேறு மாநிலத்தில், வேறொரு நிறுவனத்தில். கடைசி வருட மாணவர் ஒருவர் என் மகனிடம் பேசினார். பட்டம் முடியப் போகிறது, பறப்பு பாதிகூட ஆகவில்லை என்றார். விமானம் பழுது பார்க்கப் போனால் வரிசை நிற்கிறது, மழைக் காலத்தில் நாள் கணக்கில் தரையிலேயே உட்கார வேண்டியிருக்கிறது, பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எத்தனை மாணவருக்கு எத்தனை விமானம், ஒரு பையன் 200 மணி முடிக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பவைதான் தாய் தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று அந்தப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்குக் கட்டணம் கொடுத்தோம். உங்கள் வேலையைச் செய்தவர் அந்த மாணவர்.

மருத்துவத் தகுதி விஷயத்தில் நீங்கள் நடந்துகொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தத் துறையில் முதல் செலவே டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள டாக்டரிடம் எடுக்கும் இரண்டாம் வகுப்புச் சோதனையாகத்தான் இருக்க வேண்டும், அதன் பிறகு முதல் வகுப்பு. அதில் தேறவில்லை என்றால் மற்ற எல்லாச் செலவும் வீண். உங்கள் ஆலோசகரோ, “மெடிக்கலை அப்புறம் பார்த்துக்கலாம், சீட் போயிடும், முதல்ல பணத்தைக் கட்டுங்க” என்று அவசரப்படுத்தினார். டாக்டர் அறையில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்க, பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். முதல் அட்டையைப் படித்தான். அடுத்ததில் தடுமாறினான். அதற்கடுத்ததில் எண்ணே இல்லை என்றான். பக்கத்தில் நின்ற அவன் அப்பா, “நல்லாப் பாருடா தம்பி, இருக்கும்டா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேற்கொண்டு ஒரு பரிசோதனை இருக்கிறது என்று டாக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். ஆனால் அவர்களும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்களாம். என் மகன் தேறினான். தேறாமல் போயிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்கள் ஆலோசகரிடம் கேட்டேன். பதில் இல்லை.

கல்விக் கடன் “ஈஸியா கிடைக்கும்” என்றீர்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி சொத்து அடமானம் கேட்கும். படிக்கும் காலத்தில் தவணை கிடையாதே தவிர வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடன் சங்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தறி ஓட்டும் குடும்பத்து அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வேலை உறுதி என்று வேறு அவரிடம் சொன்னீர்கள். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. அனுபவமுள்ள விமானிகளே அப்போது வேலை தேடினார்கள். இந்தத் துறையில் யாராலும் வேலைக்கு உறுதி கொடுக்க முடியாது.

விமானி ஆகாவிட்டால் அதே வளாகத்தில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங், இல்லாவிட்டால் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) என்று மாற்று வழியும் சொன்னீர்கள். விமானப் பொறியியல் படிக்க 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) சென்னை குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. அப்துல் கலாம் அந்தப் பாடத்தைப் படித்த இடம். தமிழக அரசின் பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேரலாம், கட்டணம் நீங்கள் சொன்னதில் மிகச் சிறிய பங்கு. ஏ.எம்.இ. என்பதோ பொறியியல் பட்டத்தோடு தானாக வருவதல்ல. அது தனி உரிமம், அதற்கான பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 147 என்ற விதியின்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் காட்டிய பல்கலைக்கழகத்துக்கு அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

விமானத் துறைப் பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசே 2013-ல் சட்டம் போட்டு உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் ராஜீவ் காந்தி தேசிய விமானப் பல்கலைக்கழகத்தை அமைத்திருக்கிறது. விமான நிலைய நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து போன்ற வேலைகளுக்குப் போக நினைப்பவருக்கு அப்படிப்பட்ட இடம் பயன்படும். சொந்த ஓடுபாதை, போதுமான விமானங்கள், பறப்புக் கட்டணமும் சேர்ந்த ஒரே தொகை, அதற்கு எழுத்துப்பூர்வ உறுதி என்று இருக்கும் இடத்துக்கு வசதி உள்ள குடும்பம் கூடுதலாகக் கொடுப்பதிலும் நியாயம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு, அரசுக் கலைக் கல்லூரியில் ஒரு பட்டத்தைக் குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, சேர்த்த பணம் முழுவதையும் பறப்பு மணி நேரத்துக்குக் கொடுப்பதுதான் வழி. விமானி வேலை தள்ளிப் போனாலும் வங்கித் தேர்வும் டி.என்.பி.எஸ்.சி.யும் எழுத அந்தப் பட்டம் போதும். என் மகன் இப்போது அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறான். கல்லூரியில் சேர அவனுக்கு அசல் சான்றிதழ்கள் உடனே வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம். ஆகவே 75,000 ரூபாயில் 3,750 ரூபாய்க்கு மேல் பிடிக்க வழியில்லை. அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வாங்கியது நீங்கள், வாங்கித் தர வேண்டியதும் நீங்கள். ஆலோசனைக் கட்டணம் 1,25,000 ரூபாயை முழுவதுமாகக் கேட்கிறேன். தவறான விளம்பரமும் சேவைக் குறைபாடும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலிலும் பணத்தை என் வங்கிக் கணக்கிலும் அனுப்பி வையுங்கள். அந்த நடுப்பக்கத்தை மாற்றி, 200 மணிக்கான செலவையும் சேர்த்த மொத்தத் தொகையைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். மருத்துவச் சோதனை முடியும் முன் எந்த மாணவரிடமும் பணம் வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுங்கள். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வழக்கு பெங்களூரில்தான் என்று உங்கள் படிவத்தில் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(ஒப்பம்)

இணைப்பு: பண ரசீதுகளின் நகல், கையேட்டின் நடுப்பக்க நகல், பறப்புக் கட்டணப் பட்டியல், விலகல் மின்னஞ்சல் நகல்.