இரண்டு மணி நேரம் கொடுங்கள்: ஐரோப்பியத் திருப்பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவுக்குத் தமிழ்த் திருப்பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும், உடன் வரும் அருட்தந்தையருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ரோம், அசிசி, புளோரன்ஸ், பதுவா, வெனிஸ் என்று ஓடும் பயணத்தில் புளோரன்ஸுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பயணத் தாளை அடிப்பவர்கள் நீங்கள்தானே. அதில் "சாந்தா மரியா நொவெல்லா பசிலிக்கா, 40 நிமிடம்" என்று ஒரு வரி வருகிறது. சென்ற கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நம் ஊர்க் குழு ஒன்று அந்த வரியை நம்பி ஆலயத்தின் முன் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளருக்கு 11 மணிக்குத்தான் திறப்பார்கள். நாற்பது பேரும் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு, பிசா போகும் பேருந்தில் ஏறிவிட்டார்கள். ஊரில் கேட்டவர்களிடம் "பார்த்துவிட்டோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த ஆலயத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். கதவு திறந்திருக்கும் இரண்டு மணி நேரம்.

40 நிமிடம் ஏன் போதாது என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். சுற்றுலாப் பேருந்து பழைய நகரத்துக்குள் வர முடியாது. ரயில் நிலையத்தை ஒட்டிய மோந்தெலுங்கோ திடலில் இறக்கினால், அங்கிருந்து ஆலயத்துக்குக் கைகால் திடமாக இருப்பவர் பத்து நிமிடத்தில் நடந்துவிடுவார். முழங்கால் வலியோடு கல் பாவிய தெருவில் நடப்பவருக்கு இருபது நிமிடம். பேருந்துப் படியிலிருந்து நாற்பது பேர் இறங்கவே ஐந்து நிமிடம். தலை எண்ணிக்கை, நுழைவுச் சீட்டு, தோளும் முழங்காலும் மூடாமல் வந்தவருக்குச் சால்வை தேடுவது, வழிகாட்டியின் குரலைக் கேட்கக் காதுக்கருவி மாட்டுவது, இவற்றுக்கு இன்னும் பத்து. திரும்பி நடக்கும் நேரத்தையும் கழித்துவிட்டால் உள்ளே நிற்க ஐந்து நிமிடத்துக்கு மேல் மிஞ்சாது. எழுபது வயது அம்மா ஒருவர் வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வருகிறார். அவருக்கு இங்கே கிடைப்பது அந்தச் சில நிமிடம்தான். அதிலும் பாதி, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதில் போய்விடுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இப்படி நேரம் ஒதுக்கமாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறோம்.

1221-இல் சாமிநாதர் (டொமினிக்) சபைத் துறவிகளுக்குக் கிடைத்த சிறு கோயில் இருந்த இடம் இது. இப்போதைய ஆலயத்துக்கு 1279-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1420-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அதை நேர்ந்தளித்தார். முகப்பின் மேற்பகுதி கட்டடக் கலைஞர் அல்பெர்த்தி வடிவமைத்தது. செலவு செய்த ஜொவான்னி ருச்செல்லாயின் பெயரும் 1470 என்ற ஆண்டும் அங்கே பெரிய எழுத்தில் இருக்கின்றன. இரு ஓரத்திலும் உள்ள வானியல் கருவிகள் இஞ்ஞாசியோ தாந்தி என்ற இச்சபைத் துறவி 1572 முதல் 1574 வரை அமைத்தவை. நாம் இன்று பயன்படுத்தும் கிரகோரி நாள்காட்டியை உருவாக்கிய குழுவில் அவரும் இருந்தார். இவ்வளவும் வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். நேரம் வேண்டியது உள்ளேதான்.

வலப்பக்கக் கல்லறைத் தோட்டத்தின் வழியாக நுழைந்தால் நேர் எதிரே, இடப்பக்கச் சுவரில், மசாச்சோ தீட்டிய மூவொரு கடவுள் ஓவியம். 1425-க்கும் 1427-க்கும் இடையில் வரையப்பட்டது. உயரம் ஆறரை மீட்டருக்கு மேல். 1428-இல் ரோமில் இறந்துபோனபோது மசாச்சோவுக்கு வயது 26. தந்தை பின்னால் நின்று சிலுவையை ஏந்தியிருக்கிறார். தூய ஆவியின் புறா இருவருக்கும் நடுவில், தந்தையின் வெள்ளைக் கழுத்துப்பட்டை போலத் தெரிவதால் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். மாதா மகனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்து மகனைக் கையால் சுட்டுகிறார்.

இதில் உள்நோக்கி ஓடும் கோடுகள் எல்லாம் சிலுவையின் அடியில், நிற்பவரின் கண்மட்டத்தில், ஒரே புள்ளியில் போய்ச் சேருகின்றன. சுவரைக் குடைந்து உள்ளே ஒரு சிற்றாலயம் கட்டியது போலத் தோன்றுவது அதனால்தான். ஆனால் சரியான இடத்தில் நின்றால்தான் அப்படித் தோன்றும். ஓவியத்துக்கு இரண்டு மீட்டரில் நாற்பது பேர் நெருக்கி நின்றால் அந்த ஆழம் போய்விடும், வளைந்த கூரையும் வெறும் கட்டங்களாகிவிடும். நடுக்கூடம் வரை பின்வாங்கி, ஓவியத்துக்கு நேராக நிற்க வேண்டும். பத்துப் பத்துப் பேராகத்தான் அது முடியும். ஓர் அணிக்கு நான்கு நிமிடம் என்றால் நான்கு அணிக்குப் பதினாறு நிமிடம். உங்கள் தாளில் முழு ஆலயத்துக்கும் மிஞ்சும் நேரத்தைவிட இது அதிகம்.

ஓவியத்தின் அடிப்பகுதியில் கல்லறைமேல் ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. அதன் மேலே பழைய இத்தாலிய மொழியில் எழுதியிருப்பதன் பொருள் இது: "நீங்கள் இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள்." கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, பூ வைத்து நிற்கும் நம் மக்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை. வாசித்துச் சொல்ல ஆளும், நின்று கேட்க நேரமும் இருந்தால் போதும். 1570 வாக்கில் கட்டடக் கலைஞர் வசாரி ஆலயத்தை மாற்றிக் கட்டியபோது இந்த ஓவியத்தின்மேல் ஒரு பீடத்தை எழுப்பி மறைத்துவிட்டார். ஆனால் சுவரை இடிக்கவில்லை. மூன்று நூற்றாண்டு அது பீடத்துக்குப் பின்னால் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பீடத்தை அகற்றியபோது மேற்பகுதி வெளிப்பட்டது. எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டு, இரண்டு பகுதிகளும் பழைய இடத்தில் ஒன்றுசேர்ந்தது 1952-இல்தான். அவ்வளவு காலம் காத்திருந்து மீண்ட ஓவியத்தின் முன்னால் நம் குழு நிற்பது அரை நிமிடம் என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

நடுக்கூடத்தில் தலைக்கு மேலே தொங்குவது ஓவியர் ஜோத்தோவின் பாடுபட்ட சுரூபம். மரப்பலகையில் வரைந்தது, ஐந்தே முக்கால் மீட்டர் உயரம், 13-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஓவியர்கள் ஆண்டவரின் உடலை வில்லாக வளைத்து, அழகுக் கோடாக வரைந்தார்கள். இங்கே தலை கவிழ்ந்து, முழங்கால் மடிந்து, உடலின் பாரம் கீழே இழுக்கிறது. இதைப் பார்க்கச் சரியான இடம் நேர் கீழே இல்லை, வாசல் பக்கம் சற்றுத் தள்ளி. தூண்களுக்கு இடையிலுள்ள தூரம் பீடத்தை நோக்கிப் போகப் போகக் குறைவதால் ஆலயம் உண்மையைவிட நீளமாகத் தெரிவதையும் அங்கிருந்தே காட்டிவிடலாம்.

பீடத்துக்குப் பின்னால் இருப்பது தொர்னபுவோனி குடும்பத்தின் சிற்றாலயம். 1485 முதல் 1490 வரை கிர்லாந்தாயோவும் அவர் பட்டறையினரும் தீட்டிய சுவர்கள் இவை. அந்த ஆண்டுகளில்தான் சிறுவன் மைக்கேலாஞ்சலோ அந்தப் பட்டறைக்குத் தொழில் பழக வந்தான். இடச்சுவரில் மாதாவின் வாழ்க்கை, வலச்சுவரில் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கை. வழிகாட்டிகள் அவசரத்தில் மேலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள், கதை குழம்பிவிடுகிறது. இதைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். இடச்சுவரின் அடிவரிசையில், சன்னலை ஒட்டி, மாதாவின் பிறப்பு. வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 அன்று இலட்சக்கணக்கானோர் கூடிக் கொண்டாடுவது இந்தப் பிறப்பைத்தான். கொடியேற்றத்துக்கு நடந்தே போகும் நம் மக்களுக்கு இதைவிட நெருக்கமான சுவர் புளோரன்ஸில் வேறு எது? மாதாவின் தாய் அன்னம்மாள் கட்டிலில் சாய்ந்திருக்க, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றுகிறாள் ஒரு பணிப்பெண், ஊர்ப் பெண்கள் பார்க்க வந்து நிற்கிறார்கள். கூடத்தில் நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது. சிறிய தொலைநோக்கி நான்கைந்து இருந்தால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி ஆலயத்தை ஒட்டிய துறவிகள் மடத்தின் முற்றங்கள். பெரும்பாலான குழுக்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. ஆலயத்துக்கும் மடத்துக்கும் சீட்டு ஒன்றுதான், பணம் கட்டியாகிவிட்டது, இருந்தும் பாதியில் திரும்புகிறார்கள். பச்சை முற்றத்துக்கு அந்தப் பெயர் வந்தது சுவரோவியங்களில் பூசிய பச்சை மண் நிறத்தால். பாவொலோ உச்செல்லோ இங்கே படைப்பையும் நோவா காலத்து வெள்ளப்பெருக்கையும் வரைந்தார். திறந்த தாழ்வாரம் என்பதால் வெயிலும் ஈரமும் அந்தப் பச்சையை அரித்துவிட்டன. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை புரண்டபோது உண்மையான வெள்ளமும் இங்கே புகுந்தது.

அதே முற்றத்தின் ஓரத்தில் ஸ்பானியச் சிற்றாலயம். துறவிகள் ஒன்றுகூடிப் பேசிய மண்டபம் அது. அந்திரேயா தி போனாயுத்தோ 1365 முதல் 1367 வரை நான்கு சுவரையும் கூரையையும் நிரப்பினார். ஒவ்வொரு சுவரையும் அதற்கு நேர் மேலுள்ள கூரைப்பகுதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்ச்சுவரில் சிலுவைச் சாவு, மேலே உயிர்ப்பு. வலச்சுவரில் திருச்சபை, மேலே புயலில் தவிக்கும் பேதுருவின் படகு. இடச்சுவரில் இச்சபைப் புனிதர் தாமஸ் அக்குவினாஸ், மேலே தூய ஆவியின் வருகை. வலச்சுவரில் ஆடுகளைக் காக்கும் கறுப்பு வெள்ளை நாய்களைக் காட்டுங்கள். இலத்தீனில் சபையின் பெயரை "தோமினி கானெஸ்" என்று பிரித்தால் "ஆண்டவரின் நாய்கள்" என்று வரும், சபை உடையின் நிறமும் அதுவே. அங்கே புளோரன்ஸ் பேராலயம் குவிமாடத்தோடு வரையப்பட்டிருக்கிறது. உண்மையான குவிமாடம் முடிந்தது 1436-இல்! கழுத்து வலிக்கிறவர்கள் கைக்கண்ணாடியிலோ கைபேசியின் முன்பக்கக் கேமராவிலோ கூரையைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு இருபது நிமிடம் குறைந்தபட்சம்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லை என்பீர்கள். அதே நாளில் தோல்பொருள் கடைக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திருப்பயணம் என்று பெயர் வைத்துப் பணம் வாங்கிய பயணத்தில் பை வாங்க ஒன்றரை மணி நேரம், மாதாவின் பிறப்புக்கு நேரம் இல்லை என்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. புளோரன்ஸ் மட்டுமல்ல. பதுவாவில் அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டு ஒரு செபம் சொல்வதற்குள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அசிசியில் மேல் ஆலயத்தைப் பார்த்த குழு கீழ் ஆலயம் இருப்பதே தெரியாமல் திரும்புகிறது. பத்து நாளில் இத்தனை நகரம் என்று விளம்பரம் செய்வதற்காக ஒவ்வொரு நகரத்தையும் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறீர்கள். கேள்வி கேட்கத் தெரியாத முதியவர்கள் என்பதால்தானே இது நடக்கிறது?

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசா முதல் சோறு சாம்பார் வரை நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். அந்த உழைப்பை மதித்தே கேட்கிறோம்.

அடுத்த ஆண்டுத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் புளோரன்ஸ் நாளை மட்டும் மாற்றி எழுதுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாள் காலை வாருங்கள். வெள்ளி என்றால் 11 மணிக்கு மேல். ஞாயிறும், கட்டாயம் திருப்பலி காண வேண்டிய கடன் திருநாளும் மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளருக்குத் திறக்கும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். மூடுவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே சீட்டு நிறுத்திவிடுவார்கள். ரயில் நிலையத்தை நோக்கிய வாசல் ஒன்று உண்டு, நடக்க முடியாதவர்களுக்கு அது அருகில். ஆனால் அது மடத்தின் பக்கம் திறப்பதால், மூவொரு கடவுள் ஓவியத்தை முதலில் எதிர்கொள்ளும் வாய்ப்பு போய்விடும். எந்த வாசலில் குழுவை விடுவார்கள் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். முந்தின இரவு விடுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, மாதாவின் பிறப்பையும் அந்த எலும்புக்கூட்டு வரியையும் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தால் போதும், மறுநாள் பாதி வேலை குறையும். உடன் வரும் அருட்தந்தையர் அதை வாசித்துக் காட்டலாம்.

தயவுசெய்து, அந்த "40 நிமிடம்" என்பதை அடித்துவிட்டு "இரண்டு மணி நேரம்" என்று எழுதுங்கள்.

அன்புடனும் செபத்துடனும்,
தமிழ்த் திருப்பயணிகளின் நலன் நாடுவோர்