பாரிசில் ஒன்பது நாள்

கோயம்புத்தூர்,
20.4.2023

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமென்று நம்புகிறேன். பாரிஸ் போய்வந்த கதையைத் தொலைபேசியில் தொடங்கினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும் என்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

மார்ச் 22ஆம் தேதி இறங்கினோம். அதற்கு ஆறு நாள் முன்னால்தான் பிரதமர் எலிசபெத் போர்ன், ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64 ஆக்கும் மசோதாவை, அரசியலமைப்பின் 49.3 என்ற பிரிவைப் பயன்படுத்தி, கீழவையில் வாக்கெடுப்புக்கே விடாமல் நிறைவேற்றியிருந்தார். எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் ஒன்பது வாக்குக் குறைவால் தோற்றிருந்தது. பயணச்சீட்டு எடுத்தபோது இதெல்லாம் நமக்குத் தெரியுமா?

நாங்கள் தங்கியது 5ஆம் வட்டாரத்தில். விடுதி வாசலில் குப்பைப் பைகள் என் தோளுயரத்துக்குக் குவிந்திருந்தன. மேலே யாரோ ஒரு பழைய மெத்தையையும் சாய்த்து வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுதாக முடியாததால் நாற்றம் அவ்வளவாக இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் மீன்கடை இருந்த தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தோம். வேடிக்கை என்னவென்றால், சென் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நோத்ர்தாம் பக்கம், அதாவது 4ஆம் வட்டாரத்துக்குப் போனால் தெரு ஓரளவு சுத்தமாக இருக்கிறது. ஏறக்குறையப் பாதி வட்டாரங்களில் குப்பை அள்ளுவோர் மாநகராட்சி ஊழியர்கள், மீதியில் தனியார் ஒப்பந்தம். வேலைநிறுத்தம் முதல் வகையினருடையது. அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் 57 வயதில் ஓய்வு பெறலாம் என்றிருந்ததை இந்தச் சட்டம் 59 ஆக்குகிறது. விடியலில் பாரம் தூக்கும் வேலையில் அந்த இரண்டு ஆண்டு என்பது என்ன என்று நாற்காலியில் உட்கார்ந்தே பணிக்காலத்தைக் கழித்த நாம் சொல்ல முடியாது.

மறுநாள் பஸ்தீய் சதுக்கத்தில் ஊர்வலம் புறப்படுவதைப் பார்த்தோம். போகவேண்டாம் என்று நான் சொல்லியும் என் மனைவி கேட்கவில்லை. சங்கங்களின் ராட்சத பலூன்கள், தள்ளுவண்டியில் இறைச்சி வாட்டும் புகை, ஒலிபெருக்கியில் பாட்டு என்று நம் ஊர்த் தேரோட்டம் போலத்தான் இருந்தது. அன்று பாரிசில் திரண்டவர்கள் 1,19,000 பேர் என்றது உள்துறை அமைச்சகம், 8 லட்சம் என்றது சேஜெதே தொழிற்சங்கம். நம்மூர் மாநாட்டுக் கணக்கு அங்கேயும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. மாலையில் ஒப்பேரா பக்கம் நடந்த தீவைப்பையும் கண்ணீர்ப்புகையையும் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

27ஆம் தேதி லூவ்ருக்குப் போனால், கண்ணாடிப் பிரமிடின் முன்னால் ஊழியர்களே பதாகை பிடித்து வழியை மறித்து நின்றார்கள். அருங்காட்சியகம் அன்று திறக்கவில்லை. மறுநாள் ஐஃபில் கோபுரமும் மூடல். த்ரொக்காதெரோ மேடையிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

ஒருநாள் இட்லிக்கு ஏங்கி லா ஷப்பேல் போனோம். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி அது. பரிமாறியவரிடம் போராட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "முழுப் பென்ஷனுக்கு 43 வருசம் கட்ட வேணும் அண்ணை. நான் இஞ்ச வந்ததே முப்பது வயசில. எனக்கு 62ம் ஒண்டுதான், 64ம் ஒண்டுதான். 67 மட்டும் நிக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுச் சட்னி எடுக்கப் போய்விட்டார். கணக்குச் சரிதான், கட்டிய ஆண்டுகள் குறைவாக இருந்தாலும் விகிதம் குறைக்காமல் கணக்கிடுவது அங்கே 67 வயதில்தான்.

இப்போது நீ சிரிக்கப்போவதைச் சொல்கிறேன். 2020 மே மாதம் தமிழக அரசு ஊழியர்களான நம் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கி அரசாணை வந்த அன்று பிரிவு முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கி வந்தவன் நான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 60 ஆனபோது நீ வாங்கினாய். அதே இரண்டு ஆண்டு. அவர்களுக்கு அது பறிபோனது, நமக்கு அது கிடைத்தது. ஓய்வுகாலப் பலன்களைக் கொடுக்கக் கையில் பணமில்லாமல்தான் இந்தக் கருணை என்று நாமே கேண்டீனில் பேசிக்கொண்டோம். ஆனாலும் முழுச் சம்பளம் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டோம். அப்போது குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகன் அந்த மைசூர்பாகைத் தொடவில்லை. இனிப்பு பிடிக்காதவன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பஸ்தீயில் என் மனைவி ஒரு படம் எடுத்தாள். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், அட்டைப்பெட்டியைக் கிழித்து 64 என்று கறுப்பு மையில் எழுதி அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, மழைக்கு அதையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கு வந்து மகனிடம் காட்டினோம். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவளோட அப்பா ஊர்வலத்துல வந்திருந்தாரா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

14ஆம் தேதி அவர்களுடைய அரசியலமைப்பு மன்றமும் 64 வயது செல்லும் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. தங்கச்சிக்கு வாங்கிய சால்வை இங்கே இருக்கிறது. மே மாதம் சென்னை வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்