ஞாயிறு காலை கடை ஏன் பூட்டியிருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றரை மணிக்கு மேல்தான் ஷட்டரைத் தூக்குகிறோம். "உடம்பு சரியில்லையா அக்கா?" என்று விசாரித்தவர்கள் உண்டு. ஒன்றும் கேட்காமல் அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களும் இரண்டு பேர் உண்டு. சொல்லாமல் விட்டது என் தப்புதான். அதனால் இந்தக் கடிதம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும், கடையில் கொக்கி கட்டி ஹெம்மிங் செய்யும் தங்கையும் மேடவாக்கம் தாண்டி இருக்கும் ஒரு பூனைக் காப்பகத்துக்குப் போகிறோம். கூண்டு கழுவுவது, பூனைகள் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகும் மண் தட்டு மாற்றுவது, குட்டிகளுக்குப் பால் கொடுப்பது எங்கள் வேலை. "எவ்வளவு தர்றாங்க?" என்று பக்கத்து மளிகைக்கடை அண்ணன் கேட்டார். பஸ் காசுகூட எங்கள் கையிலிருந்துதான் அண்ணே.

எல்லாம் வெட்டுத்துணியில் ஆரம்பித்தது. லைனிங் வெட்டும்போது மிஞ்சும் காட்டன் துண்டுகளை வண்டி துடைக்க யாராவது வாங்கிப் போவார்கள். ஒருநாள் உங்களில் ஒருவர் குட்டிப்பூனைகளுக்கு விரிக்க வேண்டும் என்று கேட்டு ஒரு மூட்டை எடுத்துப் போனார். அடுத்த வாரமும் வந்து கேட்டார். இவ்வளவு துணி எதற்கு, துவைத்துப் போடக்கூடாதா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நேரில் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் ஒன்று இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். சாதாரண சோப்புக்குச் சாகாது. துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த நோய் வந்த கூண்டுத் துணியைத் துவைப்பதில்லை, எரித்துவிடுகிறார்கள். நான் குப்பை என்று ஒதுக்கிய துண்டு அங்கே ஒவ்வொரு வாரமும் தேவைப்படுகிறது.

துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அன்று ஆள் குறைவு, கையில் ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டார்கள். கண்கூடத் திறக்கவில்லை. பிறந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் திறக்குமாம். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகும் என்று பூனைக்கான பால்மாவைக் கரைத்துத் தந்தார்கள். குழந்தையை மல்லாத்திப் பாலூட்டுவதுபோல் ஊட்டக்கூடாது, குப்புறப் படுக்கவைத்து ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவ வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதுக் குட்டிக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு வராது. பிறகு தராசு. பிறக்கும்போது 100 கிராம் அளவில்தான் இருக்கும். நாளுக்கு 10 கிராமாவது ஏறினால்தான் தேறும். கால் இஞ்ச் வித்தியாசத்துக்கு உங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனது. ஒரு வாரம் 140 இருந்தது, மறுவாரம் 230. எடை எழுதும் நோட்டில் அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷம், ஒரு பட்டு ஜாக்கெட் முதல் ட்ரையலிலேயே கச்சிதமாக உட்கார்ந்தால்கூட எனக்கு வந்ததில்லை. எல்லாக் குட்டியும் தேறுவதில்லை. அதையும் அந்த நோட்டில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகக் கஷ்டமான வேலை வேறு. ஒரு சாம்பல் நிறத் தாய்ப்பூனை, மாடிப்படிக்குக் கீழே அடிபட்டுக் கிடந்ததை எடுத்து வந்திருந்தார்கள். ஆளைக் கண்டால் மூலையில் ஒட்டிக்கொண்டு சீறும். "அது எதிரே அரை மணி நேரம் சும்மா உட்காருங்க அக்கா, கை நீட்டாதீங்க, முறைச்சுப் பார்க்காதீங்க" என்றார்கள். இருபது வருஷமாகப் பெடலை மிதித்த கால், ஊசி பிடித்த கை. சும்மா இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. முதல் ஞாயிறு பத்து நிமிஷத்தில் மனசுக்குள் பாக்கி ஜாக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து காட்டச் சொன்னார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். 2020-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அப்படிக் காட்டுகிறவர்களிடம் பூனை பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறதாம், கிட்டவும் வருகிறதாம். எங்களுடையவள் ஏழாவது ஞாயிறு வந்தாள். என் விரலை முகர்ந்தாள். மெஷின் எண்ணெய் வாசம் போலிருக்கிறது, ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அன்று முழுக்க நான் தையலைப் பிரிக்கவே இல்லை, ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை.

தங்கையை உங்களுக்குத் தெரியும். தலை நிமிராமல் வேலை செய்வாள், கேட்டால் என்னைப் பார்ப்பாள். பயந்த பூனைகள் மனிதக் குரலுக்குப் பழக வேண்டும் என்று அவளிடம் செய்தித்தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். தங்க விலை, மழை நிலவரம், சினிமாச் செய்தி எல்லாம் அந்தப் பூனைகளுக்கு அத்துபடி. போன மாதம் ஒரு வாடிக்கையாளரிடம் அவளாகவே, "பின்கழுத்து இவ்வளவு இறக்கினா தோள் நிக்காது அக்கா" என்று சொன்னாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்கத் தயங்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் துணியில் பூனை முடி இருக்காது. காப்பகத்து உடுப்போடு கடைக்குள் வருவதில்லை. குளித்து மாற்றிய பிறகே ஷட்டர் திறக்கிறது, நேரம் ஆவதும் அதனால்தான். வெறிநாய்க்கடி தடுப்பூசி இருவரும் முன்கூட்டியே போட்டிருக்கிறோம். "கடையிலேயே ஒன்றை வளர்க்கலாமே" என்கிறீர்கள். தையல் கடையில் வளர்க்கவே கூடாது. பூனை நாக்கில் முள்போன்றவை உள்நோக்கி இருக்கும். வாய்க்குள் போன நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நூல் குடலைச் சுருக்கி இழுத்து அறுத்துவிடும். உங்கள் வீட்டுப் பூனையின் வாயில் நூல் தொங்கினால் இழுக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறவர்களும் கவனியுங்கள். பூனை தன் பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும், பூனைக்கு நஞ்சு.

ஆகவே ஞாயிறு காலை அவசரம் உள்ளவர்களுக்காகச் சனிக்கிழமை இரவு ஒன்பதரை வரை இருப்போம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் முழு நாளும் கடை உண்டு. அந்த வாரங்களில் காப்பகத்துக்கு வேறு ஆள் போக ஏற்பாடு செய்திருக்கிறோம். பழைய காட்டன் புடவை, துண்டு, போர்வை இருந்தால் கடையில் கொடுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஜரிகை, லேஸ், நூல் பிரிகிற துணி மட்டும் வேண்டாம். போன வாரம் ஒருவர் கல் பதித்த புடவை கொடுத்திருந்தார், நல்ல மனசு, ஆனால் கல்லைப் பிரிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் போய்விட்டது.

அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிப் போன இருவருக்கும்: உங்கள் அளவு இன்னும் நோட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தையல்கடை அக்கா