கொழும்புக் குசினிக்கு ஒரு கடிதம்

அன்புச் சினேகிதிக்கு,

நலம், நலமறிய ஆவல். கொழும்புக்குப் போனதிலிருந்து கடைச் சாப்பாட்டுக்கே காசு கரைகிறது, மகளுக்கும் அது வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, மலிவாக வீட்டிலேயே செய்யக்கூடியதாக ஏதாவது சொல் என்று எழுதியிருந்தாய். நீ கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். வாசித்தவுடனேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்ன சமைப்பது என்று முடிவெடுத்துவிட்டுச் சந்தைக்குப் போகாதே, போய்ப் பார்த்துவிட்டு முடிவெடு. இங்கே யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கு நான் அப்படித்தான் போகிறேன். கத்தரிக்காய் குவிந்து கிடந்தால் அன்றைக்குப் பால்கறி, முருங்கைக்காய் மலிந்தால் குழம்பு, ஒன்றுமே சரிவராவிட்டால் வளவு முருங்கையில் இலை ஆய்ந்து, உலர வதக்கி ஒரு வறை. உனக்கு அங்கே வளவு இல்லை, ஆனால் வெள்ளவத்தையில் கீரை கிடைக்கும்தானே, கீரைக்கும் வறைதான், கொஞ்சம் துருவிய தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய் போதும்.

தேங்காய் விலைதான் இப்போது கையைக் கடிக்கிறது. அதனால் சொதிக்கு ஒரு வழி சொல்கிறேன். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் தண்ணியான கடைசித் தேங்காய்ப்பாலிலேயே அவியவிடு, கூடவே ஒரு சின்ன உருளைக்கிழங்கையும் போட்டு அவிந்ததும் மசித்துவிட்டால் சொதி தடித்துவிடும், கெட்டியான முதற்பால் அரைக் கோப்பை இருந்தாலே போதும். முதற்பாலை விட்டபிறகு கொதிக்கவிடாதே, நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், தேசிக்காய்ப் புளி இறக்கியபிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் பால் திரைந்துவிடும்.

இரவுக்குப் புட்டு. வறுத்த சிவப்பரிசி மாவோடு அவித்த கோதுமை மாவையும் பாதிக்குப் பாதி கலந்தால் மெதுவாக வரும். கோதுமை மாவை அவித்தால் சூடு ஆறமுன் அரித்துவிடு, ஆறினால் கட்டிபட்டு உன்னை வதைக்கும். உப்புப் போட்ட சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, தகரச் சுண்டின் விளிம்பால் கொத்தி அவி. ஓலையில் இழைத்த நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் பானை வாயில் வெள்ளைத் துணி கட்டி அவிக்கலாம், ருசியில் குறையாது. மிஞ்சிய புட்டுக்குக் காலையில் கதலி வாழைப்பழமும் சீனியும் போதும், மகள் பள்ளிக்கூடத்துக்கு முன் அதைச் சாப்பிட்டுப் போகட்டும்.

இனி இனிப்பு. பயற்றம் பணியாரம் எனக்கு உயிர், ஆனால் எண்ணெய் விற்கும் விலைக்கு அதை நல்ல நாள் பெருநாளுக்கு வைத்துவிட்டு, அதே கலவையைப் பொரிக்காமல் உருண்டையாகப் பிடித்துவிடு. பயறை வறுத்துக் கோது நீக்கித் திரித்த மா, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ, சர்க்கரைப் பாகு, கொஞ்சம் மிளகு, சீரகம், ஏலம். தேங்காய்ப்பூவில் ஈரம் நின்றால் கெதியில் பழுதாகிவிடும், அதனால் வறுப்பதில் அவசரப்படாதே. பேக்கரிக் கேக்கைவிட இது எவ்வளவோ மேல் என்பேன், பிள்ளைக்குப் பயறும் உள்ளே போகிறது.

அப்புறம் ஆடிக்கூழ். அதை ஏன் ஆடி முதலாம் நாளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவேயில்லை. வறுத்த பயறை அவித்து, அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றித் துழாவி, தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கே வயிறு நிறையும். பனங்கட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து வடித்துத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் மண் கடிபடும். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது, சீனிக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தோமே, 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோதும் முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பனம்மட்டை எரித்து இதே கூழைக் காய்ச்சினோம். இல்லாத காலத்திலும் எங்கள் சாப்பாடு எங்களைக் கைவிடவில்லை என்பதை உன் மகளுக்குச் சொல், அவளையே அகப்பை பிடித்துத் துழாவச் சொல்.

அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவர் கொழும்பு வருகிறார். ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானும் வறுத்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன வேண்டும் என்று அதற்குள் எழுது.

அன்புடன்,
உன் சினேகிதி