ரயில் காரிடார்ல பெல் அடிச்சா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சிங்கப்பூர்ல பழைய ரயில் தண்டவாளம் இருந்த இடத்துல இப்ப நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இருக்குற பாதைதான் ரயில் காரிடார். ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பக்கம் போனாலே ரெண்டு கட்சி ஆளுங்களையும் பாக்கலாம், சைக்கிளையே உள்ள விடக்கூடாதுன்னு நடக்குறவங்க முணுமுணுக்க, பாதை என்ன இவங்க அப்பன் வீட்டு சொத்தான்னு சைக்கிள்காரங்க முணுமுணுக்க. நான் வாரநாள்ல நடக்குறவன், லீவு நாள்ல சைக்கிள் எடுக்குறவன், அதனால ரெண்டு பக்கமும் திட்டு வாங்குற ஆளு.

சட்டத்துல பெரிய குழப்பம் ஒண்ணும் இல்ல. நடக்குறவங்களும் சைக்கிளும் சேர்ந்து போற பகிர்வுப் பாதைலயும், பூங்காக்கள இணைக்குற பார்க் கனெக்டர்லயும் அதிகபட்சம் மணிக்கு 25 கிலோமீட்டர், சாதாரண நடைபாதைல 10. சண்டை வர்றது வேகத்தால இல்ல, தாண்டிப் போற விதத்தால. பின்னாடி கிட்ட வந்து ட்ரிங் ட்ரிங்னு அடிச்சா முன்னாடி போற ஆன்ட்டி பதறிப்போய் எந்தப் பக்கம் குதிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும், நம்ம போக நினைச்ச வலது பக்கமே குதிப்பாங்க. தூரத்துலயே ஒரு தடவை அடிங்க, வேகத்தைக் குறைங்க, அவங்க காதுல இயர்போன் இருந்தா வாயத் திறந்து "எக்ஸ்கியூஸ் மீ"ன்னு சொல்லிட்டு நடக்குற வேகத்துல தாண்டுங்க. பெல் அடிச்சது நான் வர்றேன்னு சொல்றதுக்கு, வழிய விடுன்னு மிரட்டுறதுக்கு இல்லயே! 25ன்னா 25ல போயே ஆகணும்னு யாரும் சொல்லல.

நடக்குறவங்களுக்கும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நாலு பேரு கைகோத்த மாதிரி பாதை முழுக்க வரிசையா போறது, நடுவுல நின்னு வாட்சப் பாக்குறது, இதுலயும் மோசம் இழுத்தா நீளுற நாய் கயிறு. நாய் அந்தப் பக்க புல்லுல, எஜமான் இந்தப் பக்கம், நடுவுல மெல்லிசா ஒரு கயிறு, சாயங்கால வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. கயிறு கட்டியிருக்குன்னு சட்டத்துக்கு பதில் சொல்லிடலாம், சக்கரத்துக்கு?

மண் பாதைல பாய்ஞ்சு ஓட்டித்தான் ஆகணும்னா செஸ்ட்நட் பூங்காவுக்குப் போங்க, அங்க மவுன்டன் பைக்குக்கு தனிப் பாதை, நடக்க தனிப் பாதை. ஆனா அங்கயும் சிலர் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு சைக்கிள் பாதைக்குள்ள நடந்து வர்றாங்க, வளைவு தாண்டி சரிவுல இறங்குறவனுக்கு பிரேக் போட நேரமே இருக்காது.



2011 ஜூன் 30ல கடைசி ரயில் போனப்போ இந்த 24 கிலோமீட்டர வீடு கட்ட எடுத்துடுவாங்களோன்னு பயந்தவங்க நிறைய. நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு வேலை பார்த்த லைன் இது, குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலே ரயில்வே தொழிலாளிங்க தண்டவாளத்துப் பக்கம் ஆரம்பிச்சதுதான். அப்படி பொதுமக்கள் கேட்டு மிஞ்சின இடத்துல வந்து இப்ப நீயா நானான்னு நிக்கிறது நல்லாவா இருக்கு.

எனக்கு உடனே வேணும்னு தோணுறது ஒண்ணே ஒண்ணுதான். ரெயில் மால் கடைத்தொகுதி பக்கத்துல இருக்குற கறுப்பு இரும்பு ரயில் பாலத்துல கல்யாண போட்டோ எடுக்குறவங்க, பிள்ளைங்க, ஓடுறவங்க எல்லாம் ஒரே நெரிசல். சனி ஞாயிறு காலைலயாவது அங்க சைக்கிள்ல இருந்து இறங்கி தள்ளிட்டுப் போவோம், ஒரு நிமிஷம்கூட ஆகாது. போட்டோ எடுக்குறவங்களும் டிரைபாட நடுப்பாதைல விரிக்காம ஓரமா வைங்க. தேசிய பூங்காக் கழகம் ரெண்டு முனையிலயும் இதைப் பெரிய எழுத்துல எழுதி வெச்சா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
புக்கிட் தீமா வட்டார வாசகர்